நெஞ்சொடு கிளத்தல்: மட்டக்களப்புக் கவியும் தனிமையின் இசையும்

மட்டக்களப்புப் பிரதேசத்தின் இசைமரபைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் கூத்துக் களரியிலிருந்தே தொடங்குவர். அண்ணாவியாரின் மத்தளம், வடமோடி தென்மோடித் தாளக்கட்டுகள், வசந்தன் ஆட்டத்தின் கோலொலி, கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசி மாதத்திற் பாடப்படும் குளிர்த்திப் பாடல், உடுக்கின் ஒலியோடு எழும் காவியம் என்பன அப்பிரதேசத்தின் இசைச் செல்வங்களாக வரிசைப்படுத்தப்படுவது வழக்கம். இவ்வரிசையிற் பிழையில்லை. ஆயினும் இவை யாவும் கூட்டத்தின் இசை என்பது ஈண்டு நோக்கற்பாலது. களரியைச் சுற்றி ஊர் கூடியிருக்க, அல்லது கோயில் வீதியில் அடியார் திரண்டிருக்க, பலர் கேட்கும்படி பலர் சேர்ந்து நிகழ்த்தும் இசை இது. கேட்பார் எவருமின்றி, பக்கவாத்தியம் எதுவுமின்றி, தன் குரலொன்றையே துணையாகக் கொண்டு ஒருவன் பாடும் இசையொன்றும் அதே மண்ணில் நெடுங்காலம் வாழ்ந்து வந்துள்ளது. 'கவி' என்னும் பெயரால் அப்பகுதி மக்கள் வழங்கும் நாட்டார் பாடலே அது.

கவி பாடுபவன் எந்தச் சபைக்கும் உரியவனல்லன். அவனுக்கு ஆசானில்லை, அரங்கேற்றமில்லை, சன்மானமுமில்லை. பாடி முடித்தபின் கைதட்டுவதற்கு ஒருவரும் அருகில் இரார். நிறுவனங்களின் துணையை வேண்டாது தம் பாடலைத் தாமே ஆக்கித் தாமே பாடுவோரைச் சுயாதீன இசைக் கலைஞர் என இன்று அழைக்கின்றனர். அத்தொடர் வழக்கிற்கு வருவதற்கு மிக முன்னரே அதன் முழுப் பொருளையும் வாழ்ந்து காட்டியவன் கவிக்காரன். அவனுடைய இசை வெளியுலகை நோக்கிப் பாடப்படுவது போலத் தோன்றினும், உண்மையில் தன் நெஞ்சை நோக்கியே பாடப்படுவது. இந்த அகநோக்கே கவியின் உயிர். கவியைத் தொகுத்தோரும் ஆராய்ந்தோரும் மேடையேற்றியோரும் போதிய அளவு கவனியாது விட்டதும் இதனையே.

களமும் தொழிலும்

கவியின் இயல்பை விளங்கிக்கொள்வதற்கு அது பிறக்கும் களத்தை முதலில் அறிதல் வேண்டும். மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் வீதியில் ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை ஆகிய ஊர்களைக் கடந்து வருவது சித்தாண்டி. சித்திரவேலாயுத சுவாமி கோயிலாலும் அக்கோயிலின் மயிற்கட்டுத் திருவிழாவினாலும் பெயர் பெற்ற இவ்வூர், ஆற்றையும் வயலையும் நம்பி வாழும் ஊர். வீதியோரத்திற் கோயிலும் பாடசாலையும் கடைகளும் செறிந்திருக்க, மேற்கே முந்தனையாறு பாயும் வெளிகளில் நெல்வயல்கள் விரிந்து கிடக்கின்றன. அவற்றுக்கும் அப்பால், காட்டோரமாக, மயிலத்தமடு, மாதவணை போன்ற மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. மாரி வேளாண்மை தொடங்கும்போது பயிருக்குச் சேதம் நேராவண்ணம் மாட்டுப்பட்டிகளை ஊரிலிருந்து அகற்றி அம்மேய்ச்சல் நிலங்களுக்குக் கொண்டு செல்வதும், அறுவடை முடிந்தபின் மீளக் கொண்டு வருவதும் இப்பகுதிப் பண்ணையாளரின் வழமை.

ஆகவே சித்தாண்டி போன்ற ஊரொன்றின் ஆண்மகன் ஆண்டிற் பல மாதங்களை வீட்டிலிருந்து விலகியே கழிக்க நேர்ந்தது. வட்டையிற் காவல் இருப்பவனாயின் பரணும் வாடியும் அவன் வீடாயின. பட்டியோடு செல்பவனாயின் காடே அவன் வீடாயிற்று. இரவில் யானையும் பன்றியும் வராமற் பார்க்க வேண்டும், உறங்காதிருக்க வேண்டும், அடுத்த பரணில் இருப்பவனுக்குத் தான் விழித்திருப்பதை உணர்த்த வேண்டும். இத்தேவைகளுக்காக எழுப்பிய கூவலே காலப்போக்கிற் பாட்டாக நீண்டது எனக் கருத இடமுண்டு. இங்குத் தொழிலும் தனிமையும் ஒன்றையொன்று பிரிக்க முடியாதவை. நாற்று நடும்போதோ பொலி தூற்றும்போதோ பாடப்படும் பாடல் பலருடைய உழைப்பை ஒரு தாளத்திற் கோக்கும். காவற்காரனின் உழைப்போ வெறுமனே காத்திருத்தல். காத்திருப்பதற்குத் தாளமில்லை. அதனாலேயே கவிக்கும் தாளமில்லை.

பெண்ணின் நிலையும் இதற்கு ஒப்பானதே. ஆண் வட்டைக்குப் போனபின் வீட்டில் எஞ்சியிருப்பவள் நெல்லுக் குத்துகையிலும் பன்பாய் இழைக்கையிலும் பிள்ளையை உறங்க வைத்தபின் முற்றத்தில் இருக்கையிலும் அதே மெட்டிற் கவி பாடினாள். கடப்படியிற் காத்திருப்பவளின் தனிமையும் பரணில் விழித்திருப்பவனின் தனிமையும் ஒரே இசையைப் பகிர்ந்துகொண்டன. ஆயினும் ஒருவர் பாடியது மற்றவர் செவிக்கு எட்டியதில்லை.

மெட்டும் மௌனமும்

கவியின் யாப்பு எளியது. நான்கு சிற்றடிகளில் அது முடிந்துவிடும். முன்னிரண்டு அடிகளில் பெரும்பாலும் புறவுலகப் பொருளொன்று காட்டப்படும். அது காற்றாகலாம், பறவையாகலாம், ஆற்று நீராகலாம், வேலியிற் படர்ந்த கொடியாகலாம். பின்னிரண்டு அடிகளில் மனத்தின் நிலையொன்று கூறப்படும். முன்னதற்கும் பின்னதற்குமிடையே உவம உருபு எதுவும் பெரும்பாலும் வருவதில்லை. இரண்டையும் அருகருகே வைத்துவிட்டுப் பாடகன் விலகிக்கொள்கிறான். இணைக்கும் பணி கேட்பவனுக்கு விடப்படுகிறது. கேட்பவன் இல்லாதவிடத்துப் பாடகனே அப்பணியையும் செய்கிறான்.

இசை நோக்கிற் பார்த்தால் கவியின் எளிமை மேலும் வியப்பளிக்கும். சில சுரங்களின் எல்லைக்குள்ளேயே அது இயங்குகிறது. முதலடி பெரும்பாலும் ஓங்கிய குரலில் எடுக்கப்படுகிறது. ஈற்றடி தணிந்து மூச்சோடு கலக்கிறது. அடியின் இறுதியசை நீட்டிப் பாடப்படும். அந்நீட்சியின் அளவைத் தீர்மானிப்பது தாளமன்று, பாடுபவனின் மூச்சே. கமகங்களின் நுட்பத்தையோ இராக விரிவையோ கவியில் தேடுபவர் ஏமாற்றமடைவர். ஒரே மெட்டில் எண்ணிறந்த கவிகள் பாடப்படுவதால் மெட்டின் புதுமையும் இங்கு இரசனைக்குரிய பொருளாவதில்லை.

அவ்வாறாயின் கவியில் இரசிக்கப்படுவது யாது? குரலும் அதன் இடைவெளியுமே. இரண்டாம் அடி முடிந்து மூன்றாம் அடி தொடங்குவதற்குமுன் பாடகன் சற்றே நிறுத்துகிறான். வெளியிலே சென்ற தன் குரலைத் தானே கேட்பதற்குரிய நேரம் அது. கச்சான் காற்று வீசும் கோடை இரவிலே, தடுப்பெதுவுமற்ற வட்டையின் மீது அக்குரல் சென்று மறைவதை அவன் கேட்கிறான். பிறகே மனத்தைப் பற்றிய அடி வருகிறது. தன்னைத் தானே கேட்டபின் தன்னைப் பற்றிப் பேசுதல் என்னும் இவ்வொழுங்கு கவியின் அமைப்பிலேயே பொதிந்துள்ளது. மௌனத்தையும் இசையின் ஓர் உறுப்பாக ஆக்கிக்கொண்ட கலைவடிவம் என இதனைப் போற்றலாம்.

விளியும் தனிமொழியும்

கவியிற் பெயர்கள் வருவதில்லை. 'மச்சான்', 'மச்சி' என்னும் முறைப்பெயர்களே விளியாக அமைகின்றன. தாய்வழிக் குடிமுறையும் முறைமாப்பிள்ளை மணமும் வேரூன்றிய கீழ்மாகாணச் சமுதாயத்தில் இம்முறைப்பெயர்கள் உறவையும் உரிமையையும் காதலையும் ஒருங்கே குறிக்க வல்லவை. அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்னும் தொல்காப்பிய மரபை நினைவூட்டி, கவியைச் சங்க அகப்பாடலின் எச்சமாகக் காணும் அறிஞரும் உளர். அவ்வொப்புமை கவர்ச்சியுடையது. எனினும் ஒரு கலைவடிவத்தை அதனினும் பழையதொன்றின் நிழலாக மட்டும் காண்பது அதற்குச் செய்யும் மரியாதையாகாது. கவியைப் பாடியவன் சங்கப் பாடலைக் கற்றவனல்லன். தன் காலத்துத் தனிமையைத் தன் காலத்துச் சொல்லாற் பாடியவன்.

ஆயினும் தமிழ்ப் பொருளிலக்கணம் தந்த ஒரு சொற்றொடர் கவியின் இயல்பைச் செம்மையாக விளக்க உதவுகிறது. அது 'நெஞ்சொடு கிளத்தல்' என்பது. பிரிவுற்ற ஒருவர் கேட்பாரின்மையால் தம் நெஞ்சையே முன்னிலைப்படுத்திப் பேசுவதை இத்தொடர் குறிக்கும். திருக்குறளின் 125ஆம் அதிகாரம் இப்பெயரையே தாங்கியுள்ளது. கவிக்காரன் நெஞ்சை நேராக விளிப்பதில்லை, மச்சியையே விளிக்கிறான். ஆனால் மச்சி அங்கில்லை. எட்டாத தொலைவில் இருப்பவளை அழைக்கும் சொல் வேறெங்கும் போவதற்கு வழியின்றி அழைத்தவனிடமே திரும்புகிறது. விளியின் தோற்றம் உரையாடலாக இருக்க, அதன் பயன் தனிமொழியாக அமைகிறது. இம்முரணிலேதான் கவியின் அழகும் துயரும் ஒருங்கே தங்கியுள்ளன.

இவ்வுண்மையை அச்சிட்ட தொகுப்புகள் மறைத்துவிட்டன என்று கூறுவது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அது சிந்திக்கத்தக்கது. தொகுப்பாளர் பலர் ஆண் கூற்றான கவியையும் பெண் கூற்றான கவியையும் அடுத்தடுத்து வைத்து, வினாவும் விடையுமாகக் கோத்து, காதற்கதையொன்றை உருவாக்கித் தந்துள்ளனர். படிப்பதற்கு அது சுவையானது. ஏட்டிலே அவர்கள் எதிரெதிரே நின்று பேசுகின்றனர். வாழ்விலோ ஒருத்தி ஊரிலும் ஒருவன் காட்டிலுமாக, ஒருவரையொருவர் கேளாத இரு தனிமொழிகளாகவே அக்கவிகள் பாடப்பட்டன. பிரிவைப் பாடிய இசையைத் தொகுப்பாளர் தம் நல்லெண்ணத்தாற் சேர்த்து வைத்துவிட்டனர்.

தொகுத்தோரும் ஆய்ந்தோரும்

இதனாற் தொகுப்பாளரின் பணியைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. தி. சதாசிவ ஐயர் வசந்தன் பாடல்களை நூலுருவாக்கியதும், வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூலில் அப்பிரதேசத்தின் நாட்டார் வழக்காறுகளைப் பரந்த அளவிற் பதிவு செய்ததும் என்றும் நன்றியுடன் நினைக்கத்தக்கவை. நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே வழங்கிய கவிகளைத் தேடித் தொகுத்தமையால், கவி என்பது தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே உரிமை கொண்டாடும் செல்வம் என்பது ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டது. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிற் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தமை, கிராமியக் கலைகளைப் படித்தோர் தாழ்வாக எண்ணும் மனப்பான்மையைத் தகர்த்தது. இவர்களின் உழைப்பின்றேல் இன்று விமர்சிப்பதற்கே பொருள் இருந்திராது.

குறை வேறிடத்தில் உள்ளது. கூத்துக்குக் கிடைத்த கலைநோக்கு கவிக்குக் கிட்டவில்லை. கூத்தைப் பற்றி எழுதுகையில் தாளம், ஆட்டம், ஒப்பனை, அரங்க அமைப்பு என்பன நுணுகி ஆராயப்படுகின்றன. கவியைப் பற்றி எழுதுகையிலோ அதன் சொற்கள் சமூகச் செய்திகளின் சேமிப்பறையாகவே கொள்ளப்படுகின்றன. சீதனம், குடி, உணவு, அணிகலன், விவசாயச் சொற்கள் என்று பட்டியலிட்டபின் ஆய்வு முடிந்துவிடுகிறது. ஒரு பாடகனின் பாடலிலிருந்து அவன் உடுத்த ஆடையின் விபரத்தை மட்டும் அறிந்துகொண்டு, அவன் பாடியதைக் கேளாது திரும்புவதற்கு இது ஒப்பாகும்.

சமூகவியல் நோக்கினைக் கைவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. மாறாக, அந்நோக்கினை இறுதிவரை கொண்டு சென்றால் அதுவே கவியின் அகத்திற்கு வழிகாட்டும். பரணிலே விழித்திருந்தவன் பெரும்பாலும் காத்தது தன் நெல்லையன்று, போடியாரின் நெல்லை. முல்லைக்காரனின் கண்காணிப்பிலே, வேளாண்மை முடிந்தபின் கிடைக்கும் கூலிநெல்லுக்காக, தன் இரவுகளை அவன் விற்றிருந்தான். அவனது தனிமை இயற்கை தந்த வரமன்று. நிலவுடைமை உறவுகள் அவன்மீது சுமத்திய நிலை. அந்நிலையிலே அவனுக்கென்று எஞ்சியிருந்த ஒரே உடைமை அவன் குரல். போடியாரின் வயலில் நின்று பாடிய போதிலும் கவி போடியாருக்குரியதாகவில்லை. அதற்குக் குத்தகையுமில்லை, பங்குமில்லை. உழைப்பு முழுவதும் பிறர்க்குரியதாகிவிட்ட ஒருவன் தன்னைத் தானாக உணர்வதற்குக் கண்ட வழியாகக் கவியைக் காணும்போது, சமூக நோக்கும் அகநோக்கும் முரண்படுவதில்லை.

இங்கு ஒரு மறுப்பினையும் எதிர்கொள்ளல் வேண்டும். எல்லாக் கவிகளும் தனிமையில் பாடப்பட்டவையல்ல. கேலிக் கவிகளும், போட்டிக் கவிகளும், ஊஞ்சலைச் சுற்றியிருந்து பாடுபவையும் உண்டு என்பர். உண்மையே. கவி பல பயன்களுக்கு உதவிய வடிவம். ஆயினும் ஒரு வடிவத்தின் உள்ளியல்பு அதன் இசையமைப்பிலேயே வெளிப்படும். தாளமின்மை, மூச்சளவான நீட்சி, இடைநிறுத்தம், ஈற்றிலே தணிதல் ஆகிய யாவும் கூட்டத்திற்குப் பொருந்துவனவல்ல. கேலிக்கவியைக் கூடப் பாடுபவர் அம்மெட்டிற் பாடும்போது, சிரிப்பின் அடியில் ஒரு தனிமை கேட்கிறது. தனிமைக்குப் பிறந்த மெட்டு கூட்டத்திற்குக் கடன் கொடுக்கப்பட்டது என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

பிற நாட்டுத் தனிக்குரல்கள்

அகநோக்குடைய தனிப்பாடல் மேலைநாட்டு நவீனத்துவத்தின் விளைவு என்னும் எண்ணம் மாணவரிடையே பரவலாக உண்டு. அதற்கு எடுத்துக்காட்டாக இங்கிலாந்தின் நிக் டிறேக் குறிப்பிடப்படுவதுண்டு. 1948இற் பிறந்து 1974இல் தம் இருபத்தாறாம் வயதிலேயே மறைந்த அவர் மூன்று இசைத்தட்டுகளை மட்டுமே வெளியிட்டார். அவற்றுள் இறுதியானதும் 1972இல் வெளிவந்ததுமான 'பிங்க் மூன்' பெரும்பாலும் குரலும் கிற்றாரும் மட்டுமே கொண்டு, இரண்டே இரவுகளில் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. மேடையேறிப் பாடுவதை விரும்பாத அக்கலைஞரின் பாடல்கள் அவர் வாழ்ந்த காலத்திற் சொற்ப அளவிலேயே விற்பனையாயின. இறந்து பல ஆண்டுகள் சென்றபின்னரே உலகம் அவரைக் கண்டுகொண்டது.

வாத்தியங்களைக் குறைத்துக் குரலின் தனிமையை நிலைநாட்டியமை, கேட்போரை நோக்கிக் கைநீட்டாமை, மௌனத்திற்கு இடமளித்தமை ஆகியவற்றில் டிறேக்கும் கவிக்காரனும் உறவினரே. வேறுபாடும் பெரிது. டிறேக்கை மறதியிலிருந்து மீட்பதற்கு இசைத்தட்டு இருந்தது. அதன்மீது ஒரு பெயர் இருந்தது. கவிக்காரனுக்கு இரண்டும் இல்லை. அவன் பாடலை நினைவில் வைத்திருந்தவன் அதனைத் தன் பாடலாகவே பாடினான். ஒருவனது தனிமை மற்றொருவனது தனிமைக்கு இவ்வாறு கைமாறியது. தனிமனித முத்திரையின்றியே அகநோக்குடைய கலை இயலும் என்பதற்குக் கவியினும் சிறந்த சான்று காண்பதரிது.

இலங்கையின் அண்மைக்கால இசைவரலாற்றோடு ஒப்பிடுதலும் பயனுடையது. 1970களிலே நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் தமிழ்ப் பொப்பிசைப் பாடல்கள் வானொலி வாயிலாக நாடெங்கும் பரவின. தென்னிந்தியத் திரையிசையின் நிழலிலிருந்து விலகி, ஈழத்துப் பேச்சுமொழியைத் துணிவுடன் கையாண்ட அப்பாடல்கள் சுயாதீனமான ஆக்கங்களே. எனினும் அவை பைலாவின் துள்ளலைத் தழுவி, கூடியிருந்து களிப்பதற்கென எழுந்தவை. ஈழத்து இசை தன் சொந்தக் குரலைத் தேடியபோது களிப்பின் குரல் கிடைத்தது. வட்டையிலே இருந்த தனிமையின் குரலை அது தேடிச் செல்லவில்லை.

வாவியைக் கேட்டல்

தனிமையில் ஆழ்ந்து கேட்டாலன்றி அகப்படாத இசைக்கு மட்டக்களப்பிலேயே மற்றொரு சான்றும் உண்டு. கல்லடிப் பாலத்தடியிற் பாடும் மீன்களின் ஒலி பற்றிய பேச்சு பழையது. பிரித்தானிய ஆட்சியிற் குடியேற்ற நாட்டுச் செயலாளராக விளங்கிய சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் 1848இல் மட்டக்களப்பு வாவியிலே இவ்வொலியைக் கேட்டதாகத் தம் நூலில் எழுதியுள்ளார். படகின் மரத்தோடு செவியைப் பொருத்தியபோது ஒலி மிகுந்து கேட்டதை அவர் குறிப்பிடுகிறார். சுவாமி விபுலானந்தர் இவ்வொலியை நீரரமகளிரின் இன்னிசையாகக் கற்பனை செய்தார். பண்டைத் தமிழிசையை ஆராய்ந்த அவரது 'யாழ்நூல்' 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது.

ஒலியின் காரணம் மீனா, சிப்பியா என்னும் வினா இங்கு முதன்மையானதன்று. ஆரவாரம் அடங்கிய இரவில், துடுப்பு வலித்தலை நிறுத்தி, மரத்திலே காது வைத்துக் கேட்டவர்க்கே அவ்வொலி கிட்டியது என்பதே கருதத்தக்கது. கவியும் அவ்வாறான கேட்டலையே வேண்டி நிற்கிறது. ஒலிபெருக்கியின் முன் நின்று, ஆர்மோனியமும் மிருதங்கமும் துணையாக, ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் மாறி மாறிப் பாடும் கவியைத் தமிழ்த்தின விழாக்களிலும் கலைவிழாக்களிலும் காணலாம். அவர்களது முயற்சியிற் குறையில்லை. ஆனால் தாளத்தில் அடக்கப்பட்டதும் கவியின் மூச்சு நின்றுவிடுகிறது. இருவர் எதிரெதிரே நின்றதும் அதன் பிரிவு தீர்ந்துவிடுகிறது. எஞ்சுவது கவியின் சொற்கள் மாத்திரமே.

விளிக்கு மறுமொழி இல்லாதபோது

கவியின் அகநோக்கை உணர்வது வெறும் இரசனைப் பயிற்சி மாத்திரமன்று என்பதைச் சித்தாண்டியையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் அறிந்தோர் உணர்வர். 1990ஆம் ஆண்டு யுத்தத்தின்போது இவ்வூர்களின் மக்கள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து படையினராற் கொண்டு செல்லப்பட்ட 158 பேர் மீண்டு வரவில்லை. இன்று மாணவர் விரிவுரை கேட்கும் அதே வளாகத்திலிருந்தே அவர்கள் சென்றனர்.

பழைய கவியிலே 'மச்சான்' என்னும் விளி, தொலைவில் இருப்பவனை அழைத்தது. வேளாண்மை வெட்டியபின் அவன் வருவான் என்னும் உறுதி அவ்விளியின் பின்னணியில் இருந்தது. பிரிவுக்கு ஒரு பருவகால எல்லை இருந்தமையாலேயே அத்துயர் இனிமையாகவும் ஒலித்தது. 1990இன் பின்னர் இப்பகுதியின் எத்தனையோ வீடுகளில் அவ்வெல்லை அழிந்தது. இறந்தவர்க்குப் பாடுவதற்கு ஒப்பாரி உண்டு. இறந்தாரோ இருக்கின்றாரோ என அறியப்படாதவர்க்குப் பாடுவதற்குத் தமிழர் மரபில் தனியொரு பாடல்வகை இல்லை. இல்லாதவரை இருப்பவராகவே விளித்து, மறுமொழியை எதிர்பாராது பாடும் கவியே அதற்கு மிக அண்மையில் நிற்கும் வடிவம். கூட்டத்தின் நடுவே உரத்து அழுவதற்கு ஒப்பாரி. கூட்டம் கலைந்தபின் முற்றத்தில் எஞ்சும் மௌனத்திற்குக் கவி. ஒரு சமுதாயம் தன் துயரைத் தானே கேட்பதற்கு வைத்திருந்த கருவியை, விழாமேடையின் கேளிக்கையாகச் சுருக்குவது எத்தகைய இழப்பு என்பது இங்கே புலனாகும்.

கவி பிறக்கும் களமும் சுருங்கி வருகிறது. அறுவடை இயந்திரம் பல நாள் வேலையைச் சில மணிநேரத்தில் முடிக்கிறது. யானைக்கு மின்வேலி இடப்படுகிறது. வாடியிலே தங்கியிருப்பவனுக்குக் கைத்தொலைபேசி துணையாகிறது. உழைப்பின் கடுமை குறைவதை எவரும் குறை கூறார். பிறனொருவன் தூக்கத்தை இழந்தாலன்றி வாழாத கலை வாழ வேண்டும் என்று விரும்புவது அறமாகாது. ஆனால் மேய்ச்சல் நிலத்தின் நிலை வேறு. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகள் வெளியாரின் பயிர்ச்செய்கைக்கு உட்படுவதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரிற் சித்தாண்டியிலே தொடர் அறப்போராட்டத்தைத் தொடங்கினர். அவர்கள் கேட்டது மாடுகளுக்கான புல்தரை. அப்புல்தரையோடு, ஒருவன் தன் குரலைத் தானே கேட்கக்கூடிய வெளியும் சேர்ந்தே இருக்கிறது. பாடலைப் பாதுகாத்தல் பற்றிப் பேசுவோர் நிலத்தைப் பற்றிப் பேசாதிருத்தல் இயலாது.

1982இல் விபுலானந்த இசை நடனக் கல்லூரியாகக் கல்லடியிலே தொடங்கிப் பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நிறுவகமும், வந்தாறுமூலையிலுள்ள கலைப்பீடமும் சித்தாண்டிக்கு அணித்தே உள்ளன. கவியை அதன் களத்திலேயே, அதன் நேரத்திலேயே, இடைநிறுத்தங்களை வெட்டி நீக்காது ஒலிப்பதிவு செய்வது இவற்றின் மாணவர்க்கு எட்டாத செயலன்று. அவ்வாறு பதிவு செய்கையில் ஆண்கூற்றையும் பெண்கூற்றையும் சோடி சேர்க்காமல், பாடியவரின் தனிமையை அவ்வாறே விட்டுவைத்தல் வேண்டும். பாடலின் ஈற்றில் நீளும் மூச்சும், அதன்பின் வரும் காற்றின் ஓசையும் பதிவில் இருத்தல் வேண்டும். ஏனெனில் கவிக்காரன் பாடி முடித்தபின் கேட்டது அதனையே.

பெயரில்லாதவன், மேடையில்லாதவன், கேட்பாரில்லாதவன் பாடிய பாட்டு மட்டக்களப்பின் இசைமரபிற் சிறியதோர் உறுப்பாக இதுவரை எண்ணப்பட்டு வந்தது. கூத்து ஊரின் குரலென்றால் கவி ஊரிலுள்ள ஒவ்வொருவனின் குரல். ஊர் கூடியிருக்கும் நாள்கள் ஆண்டிற் சிலவே. ஒருவன் தன்னோடு தனித்திருக்கும் இரவுகளோ பல. அவ்விரவுகளுக்கென ஓர் இசையை ஆக்கி வைத்திருந்த மக்கள், இசையின் ஆழத்தை அறிந்த மக்கள் என்பதில் ஐயமில்லை.